கிணற்றை மூடிய லேப்பம்மா

அன்றைக்குக் காலை ஷிப்டு. பாய்லரில் நீராவி முள் ஏறாமல் அடம் பிடித்தது. வந்தது எல்லாம் ஈர விறகு. விறகு வண்டிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது டைம் ஆபீஸ் கிளார்க் வந்து வாசலிலேயே நின்றார். எப்போதும் உள்ளே வந்து என் நெருப்பில் பீடி பற்றவைத்துக்கொண்டு போகிறவர், அன்று படியேறவில்லை. "மேஸ்திரி, வேலூர் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்திச்சு. லேப்பம்மா போய்ட்டாங்களாம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முள்ளு ஏறட்டும், வர்றேன்" என்றேன். பாழாய்ப்போன வாய், அதற்கு வேறு எதுவும் வரவில்லை. கிளார்க் போன பிறகு ஒரு விறகைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

செல்வி எஸ்தர் கனகமணி அவர்கள் ஆம்பூருக்கு அருகே உள்ள எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் லேப் பொறுப்பில் இருந்தவர். அந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. முதலாளி முதல் தோல் உருட்டும் டிரம்மைக் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் லேப்பம்மாதான். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நாலு வரி எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவர்? அதோடு, இந்தக் கூட்டத்துக்கு எங்கள் லைன் வீட்டுப் பெண்களும் வருவார்கள் என்று சொன்னார்கள். ஷாப்புக்குப் பின்னால் தொழிலாளிகள் குடியிருக்கும் அந்த ஓட்டு வீடுகளில்தான் நானும் இருக்கிறேன். அந்தப் பெண்கள் காதில் விழ வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் ரொம்ப வருஷமாக இருக்கிறது. அது வரும்போது சொல்கிறேன். அதுவரைக்கும் யாரும் எழுந்து போகாதீர்கள்.

அவர் வேலைக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். வேலூரில் பிறந்து வளர்ந்தவர், அப்பா ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தும் வேண்டாம் என்று இங்கே வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "இந்த நாத்தத்தோட வீட்டுக்குப் போனா எந்த மாமியார் கதவத் திறப்பாங்க?" என்று சிரிப்பார். குள்ளமான உருவம். குரல் மட்டும் டிரம் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். கையில் எப்போதும் கறுப்புக் குடை, மழை இருக்கிறதோ இல்லையோ.

எனக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? தோல் ஷாப்பில் பொம்பளை ஆளுக்கு என்ன வேலை என்று நினைத்த காலம் அது. வந்த முதல் வாரமே பாய்லர் பக்கம் வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். "இது டீக்கடை இல்லீங்கம்மா" என்றேன். அவர் அசரவில்லை. "டீ போடக் கேக்கல மேஸ்திரி. உங்க பாய்லர் தண்ணியில உப்பு ஜாஸ்தி. ஆறு மாசத்துல குழாய் அடைச்சிக்கும். அடைச்சிக்கிச்சின்னா நீங்க எனக்கு டீ வாங்கிக் குடுங்க" என்றார். ஆறு மாதம் எதற்கு, நாலே மாதத்தில் அடைத்துக்கொண்டது. டீயோடு ஒரு பொறை ரொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் சொன்னதை நான் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை.

இப்போது சாம்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோலை ஒரே கனமாகச் சீவும்போது மிஷினிலிருந்து நீல நிறத்தில் தூள் தூளாகக் கொட்டும். அதோடு ஓரம் கத்தரித்த துண்டுகளும் மலையாகக் குவியும். ஆலங்காயம் பக்கத்திலிருந்து வரும் விறகு கம்மியானபோது, அந்தத் தூளையும் துண்டையும் விறகோடு சேர்த்து எரிக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். எரித்தேன். தோல் எரியும், அதற்குள் இருக்கும் குரோம் எரியாது. அது சாம்பலில் தங்கும். அதிலும் புகையோடு மேலே பறந்து, புகைக்கூண்டின் அடியில் வந்து படியும் பொடிச் சாம்பலில்தான் ரொம்பத் தங்கும். விறகுச் சாம்பலின் காரமும், நெருப்பும், காற்றும் சேர்ந்தால் பச்சையாக இருந்த குரோம் மஞ்சளாக மாறும். பச்சை பரவாயில்லை, தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மஞ்சள் கரைந்துபோகும், மனுஷன் உடம்புக்கு விஷம். இதையெல்லாம் லேப்பம்மா பின்னால் எனக்குச் சொல்லித்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அது அருமையான சாம்பல் என்பது ஒன்றுதான்.

முகப்பவுடர் மாதிரி மிருதுவாக இருக்கும். பித்தளையில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் முகம் பார்க்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் லைன் பெண்கள் டப்பாவை என் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை பாத்திரம் விளக்க வேண்டுமே! நான் புகைக்கூண்டுச் சாம்பலை வழித்து வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு போய் நிரப்பி வைப்பேன். என் மனைவி கன்னியம்மா அதைப் பங்கு பிரித்துக் கொடுப்பாள். மேஸ்திரி வீட்டுச் சாம்பல் என்றால் அப்படி ஒரு மரியாதை.

ஒரு வருஷம் நல்ல மழை. லைன் கிணற்றடி சேறாகி, குடத்தோடு பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். சேற்றில் சாம்பல் போட்டால் இறுகிக்கொள்ளும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுத் தொழுவத்திலும் வாசலிலும் காலங்காலமாகப் போடுகிறதுதானே? தள்ளுவண்டியில் ஐந்தாறு நடை சாம்பல் கொண்டுபோய்க் கிணற்றைச் சுற்றிக் கொட்டி, நானே திம்ஸுக் கட்டை போட்டு இடித்தேன். சிமெண்டு மாதிரி இறுகியது. லைன் முழுக்க என்னை வாழ்த்தியது என் ஆயுசிலேயே அந்த ஒரு தடவைதான்.

லேப்பம்மா மாதாமாதம் ஷாப்பைச் சுற்றியுள்ள தண்ணீரை எல்லாம் சோதிப்பார். யாரும் சொல்லாமல் அவராகவே செய்கிற வேலை. ஒரு கிளாஸில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு அமிலம், பிறகு பழுப்பு பாட்டிலிலிருந்து ஒரு மருந்து. மஞ்சள் குரோம் இருந்தால் தண்ணீர் ஊதா நிறமாகும். இல்லாவிட்டால் அப்படியே தெளிந்து நிற்கும். மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் லைன் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனவர், கிளாஸைக் கையில் ஏந்தியபடியே பாய்லருக்கு ஓடி வந்தார். நாவல்பழம் பிழிந்த மாதிரி இருந்தது அது.

"மேஸ்திரி, உங்க சாம்பல்லாம் எங்க போவுது?" என்று கேட்டார்.

கேட் பாஸ் இல்லாமல் ஷாப்பிலிருந்து ஒரு ஆணியை எடுத்துப் போனாலும் திருட்டுதான், வேலை போய்விடும். அதுதான் என் மண்டையில் ஓடியது. கிணறு நினைவுக்கே வரவில்லை. "பின்னாடி பள்ளத்துலதாம்மா கொட்றோம். வேற எங்க போவப்போவுது?" என்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

அடுத்த நாளே முதலாளியிடம் சொல்லிக் கிணற்றைப் பலகை போட்டு மூடி, சங்கிலி கட்டினார். லைன் பெண்கள் கூடிவிட்டார்கள். இனிமேல் தண்ணீருக்குப் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போக வேண்டும், அரை மணி நடை. முன்னால் நின்று கத்தியது யார் தெரியுமா? என் கன்னியம்மாதான்.

"நாங்க கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம். எங்களுக்கு இன்னா ஆய்டுச்சி இப்ப?"

லேப்பம்மா கிளாஸை எடுத்துக் காட்டினார். "பாருங்கம்மா, விஷம் இருந்தாத்தான் இந்த நிறம் வரும்."

"மருந்து ஊத்தினா எந்தத் தண்ணியும்தான் கலர் மாறும். நாங்க பட்டிக்காட்டு ஜனம்னு நெனச்சியா?"

ஆற்றுத் தண்ணீரை வரவழைத்து அதிலும் மருந்து ஊற்றினார். நிறம் மாறவில்லை. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவளுக்குக் குடம் சுமக்கிற கஷ்டம் எப்படித் தெரியும் என்றாள் கன்னியம்மா. அதற்கு மேலும் சொன்னாள், இங்கே எழுத மாட்டேன். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயில் ஈ போனாலும் தெரியாத மாதிரி நின்றேன். லேப்பம்மா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! சாம்பல் பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தார். அது களிமண் பூமி, அதிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகவில்லை. டிரம் கழுவுகிற வாய்க்காலை அடிக்கு அடி சோதித்தார். குரோம் மூட்டை அடுக்கும் கொட்டகையின் தரையைக் கொத்திப் பார்த்தார். எங்கேயும் பதில் கிடைக்கவில்லை. "என் கண்ணுக்கு எதிர்லயேதான் இருக்குது மேஸ்திரி, எனக்குத்தான் தெரியல" என்று என்னிடமே வந்து சொல்வார். நான் தலையை ஆட்டுவேன். அப்படியே ஒரு வருஷம் ஓடி, அடுத்த மழையும் பெய்தது. கிணற்றடிச் சாம்பல் இன்னும் கரைந்து இன்னும் ஆழத்துக்கு இறங்கியது.

அந்த மழைக்குப் பிறகு ஒரு நாள் கன்னியம்மா எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். கேட்டில் லேப்பம்மா எதிரே வந்தார். சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆனால் தூக்குச் சட்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்துவிட்டார். விரல் கணுக்களில் வட்ட வட்டமாகக் குழிப்புண். டிரம் ஆட்களுக்கு வருகிற அதே குரோம் புண்.

"இந்தக் கை எப்படி இப்படி ஆச்சு? பாத்திரம் எதுல விளக்குறீங்க?"

கன்னியம்மாவுக்குக் கோபம் இருந்தாலும் பெருமை அதைவிட ஜாஸ்தி. "எங்க வூட்டுக்காரர் கொண்டார்ற சாம்பல்லதான். லைன் முழுக்க அதுதான். கிணத்தடியைக்கூட அவர்தான் அதப் போட்டுக் கெட்டி பண்ணாரு" என்றாள்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். பூமி பிளக்கவில்லை, அவ்வளவுதான். லேப்பம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர் பையிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்தார்.

"வாங்க மேஸ்திரி. எங்கெங்க போட்டீங்களோ, நடந்து காட்டுங்க."

காட்டினேன். யார் வீட்டு வாசல், யார் வீட்டுக் கீரைப் பாத்தி, கிணற்றைச் சுற்றி எவ்வளவு தூரம். அவர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "சாம்பல் போட்டது உங்க தப்பு இல்ல. தெரியாம செஞ்சீங்க, நல்லதுன்னு நெனச்சி செஞ்சீங்க. என்கிட்ட பள்ளம்னு சொன்னீங்க பாருங்க. அதுல ஒரு மழைக்காலம் வீணாப் போய்ட்டுது."

அவ்வளவுதான். முதலாளியிடம் என் பெயரைச் சொல்லவில்லை. "ஷாப்புச் சாம்பல் வெளியே போயிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். லைனில் சாம்பல் டப்பாக்களைத் திரும்ப வாங்கியபோதும் கை புண்ணாகும் என்று மட்டும் சொன்னார், கிணற்றைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கன்னியம்மா வீட்டுக்கு வந்து டப்பாவில் இருந்த சாம்பலைத் திரும்ப என் முன்னால் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அவளும் வெளியே வாயைத் திறக்கவில்லை. லைன் ஜனங்கள் இத்தனை வருஷமும் கிணற்றை மூடிய பாவத்தை லேப்பம்மா தலையில்தான் போட்டார்கள். நீங்கள் அவரை ஏசியபோதெல்லாம் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தாய்மார்களே, அந்தக் கிணற்றைக் கெடுத்தது நான். அவர் மூடாமல் இருந்திருந்தால் நாம் எல்லோரும் குடித்துக்கொண்டே இருந்திருப்போம். இதைத்தான் சொல்ல வந்தேன். ஏசுவதாக இருந்தால் என்னை ஏசுங்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன், அவர் செய்தது அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் சாம்பலுக்கு ஒரு தொட்டியும் கொட்டகையும் கேட்டால் எந்த முதலாளி கொடுப்பார்? "சாம்பலுக்கு ஏம்மா இத்தினி பேஜாரு? ஆத்துல கொட்டினா ஆச்சு" என்றார். லேப்பம்மா வாதாடவில்லை. ஒரு மாதம் லேப்பில் தனியாக எதையோ செய்தார். பிறகு ஒரு நாள் முதலாளியை பாய்லர் பக்கம் அழைத்து வந்தார். என்னிடம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கேட்டார். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். கையில் ஆட்டுத்தோல் துண்டு ஒன்று வைத்திருந்தார், நல்ல நீல நிறம். சரியாகப் பதனிட்ட தோல் கொதிநீரில் போட்டாலும் சுருளாது, அரைகுறைத் தோல் அப்பளம் மாதிரிச் சுருண்டுவிடும். எந்தத் தோல் வியாபாரிக்கும் அதுதான் பரீட்சை. துண்டைக் கொதிநீரில் விட்டார். முதலாளி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சுருளவில்லை.

"நல்ல சரக்கு. எந்த குரோம் போட்டீங்க?"

"நீங்க ஆத்துல கொட்டச் சொன்ன குரோம்தாங்க."

சாம்பலை வெந்நீரில் ஊறவைத்து, மஞ்சள் தண்ணீரை இறுத்து, அமிலமும் வெல்லமும் போட்டுப் பச்சையாக்கி, அதிலேயே அந்தத் தோலைப் பதனிட்டிருந்தார். முதலாளி கொஞ்ச நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "உங்ககிட்ட பேசி யார் ஜெயிக்கிறது? எங்க வேணுமோ கட்டிக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பாய்லருக்குப் பின்னால் கொட்டகை எழும்பியது. முதல் தொட்டியில் சாம்பலைக் கழுவுவோம். இறுத்த மஞ்சள் தண்ணீர் மரப்பீப்பாய்க்குப் போகும், அங்கே அமிலம் ஊற்றி வெல்லத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அவசரப்பட்டால் பொங்கிவிடும். நான் ஒரு நாள் அவசரப்பட்டேன், பீப்பாய் நுரை கக்கி என் வேட்டி கந்தலானது. "மேஸ்திரி, பாயசம் வெக்கத் தெரியாதவர்கிட்ட வெல்லத்தைக் குடுத்தது என் தப்பு" என்றார். ஷாப்பே சிரித்தது. குரோம் திரும்பவும் டிரம்முக்குப் போகும். கழுவிய பிறகு மிஞ்சும் கசடில் அன்னபேதியும் சுண்ணாம்பும் கலந்து, சிமெண்டு சேர்த்துக் கல்லாக வார்ப்போம். காய்ந்த கல்லை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீருக்கு மருந்து விட்டுப் பார்ப்பார். துளி நிறம் வந்தாலும் அந்த வார்ப்பை உடைத்து மறுபடி முதலிலிருந்து. என் கல் எத்தனை உடைபட்டது என்று கேட்காதீர்கள்.

பிறகு கிணற்றடி. ஷாப்புத் தண்ணீர்தான் மண்ணில் இறங்கிவிட்டது என்று லைனில் பேசிக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. நான் இடித்து இறுக்கியதை நானே கடப்பாறை போட்டுப் பெயர்த்தேன். ஆள் உயரத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்து, அதையும் கழுவிக் கல்லாக்கினோம். ரப்பர் கையுறை போடாமல் யாரையும் மண்ணைத் தொட விடமாட்டார். கூலிக்கு வந்த லைன் பெண்கள், "மண்ணைத் தொட்டா கை தேஞ்சிடுமா இன்னா" என்று கேலி பண்ணுவார்கள். கன்னியம்மாவும் வந்தாள். கூலி வாங்க மாட்டேன் என்றாள். லேப்பம்மா அவள் கையைப் பிடித்து, புண்ணில் களிம்பு தடவி, கையுறையை மாட்டிவிட்டார். மறுநாள் கன்னியம்மா லேப்புக்கு ஒரு தூக்கில் கத்தரிக்காய்க் குழம்பு அனுப்பினாள். அது அவளுடைய மன்னிப்பு, அவளுக்கு வேறு விதம் தெரியாது.

கிணற்று நீரை இறைத்து இறைத்துத் தொட்டியில் விட்டுச் சுத்தம் செய்தோம். மாதத்துக்கு ஒரு தடவை, முதல் வாரத்தில், சோதனை. நாவல்பழ நிறம் கத்தரிப்பூ நிறமானது. அதற்கே இரண்டு வருஷம் பிடித்தது. அப்புறம் ரோஸ். ஒவ்வொரு மாதமும் பெண்கள் பலகையைச் சுற்றி நின்று, "இன்னிக்காவது திறப்பாங்களா?" என்று கேட்பார்கள். லேப்பம்மா கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கலைந்து போவார்கள். ஒரு தடவை நானே பொறுக்க முடியாமல், "இவ்ளோ கம்மியா இருக்குதே, திறந்தாத்தான் இன்னா?" என்று கேட்டுவிட்டேன். "உங்க பேத்திக்கு ஊத்திக் குடுப்பீங்களா?" என்றார். பலகையை நானே இழுத்து மூடினேன்.

இப்படியே எண்பதுகளும் பாதி தாண்டின. லேப்பம்மாவுக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும், கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார். சென்ற வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நுரையீரலில் கட்டி என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது, "இந்தப் பாழாப்போன சாம்பலாலதாம்மா" என்று கண்ணீர் விட்டேன். அந்த நிலையிலும் என்னை அதட்டினார்: "நிரூபிக்க முடியாததைச் சொல்லக் கூடாது மேஸ்திரி. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஷாப்புல போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க." கூட்டத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஒவ்வொரு மாதமும் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். மருந்துப் பெட்டியும் என்னோடு வரும். படுக்கையில் சாய்ந்தபடி அவரே சொட்டு விடுவார். போன மாதம் போனபோது ஆள் பாதியாகியிருந்தார். இனி அடுத்த மாதம் இருக்காது என்று நர்ஸம்மா வராந்தாவிலேயே சொல்லிவிட்டார். என் பையில் இருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். லேப்புக்குப் புதிதாக வந்தவர் அன்று காலை ஷாப்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டிருந்தார், ரோஸ் போகவில்லை. பத்து வருஷமாக இந்தக் கிணற்றுக்காக உயிரைக் கொடுத்த மனுஷி, ஒரு தெளிந்த கிளாஸைப் பார்க்காமல் போவதா? எனக்குத் தாங்கவில்லை. வராந்தாக் குழாயடியில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அமிலத்தை விட்டார். மருந்தை விட்டார். தண்ணீர் அப்படியே தெளிந்து நின்றது. "போய்ட்டுதும்மா! பாருங்க, சுத்தமா போய்ட்டுது!" என்று நான் கத்தினேன். நடிப்புக் கத்தல்தான், ஆனால் அழுகை நிஜம்.

அவர் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம கிணத்துத் தண்ணி உப்பு மேஸ்திரி. அமிலம் விட்டா ஓரத்துல பொடிப்பொடியா முத்து மாதிரி குமிழி கட்டும். இதுல ஒண்ணுகூட இல்ல. எங்க புடிச்சீங்க?"

நான் வராந்தாக் குழாயைக் கை காட்டினேன்.

"எனக்காகவா?"

"ஆமாம்மா."

கோபப்படவில்லை. என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். எலும்பு மட்டும்தான் இருந்தது அந்தக் கையில். "நான் போய்ட்டா நீங்கதான் அங்க பார்க்கணும். இன்னிக்கு எனக்காகப் பொய் சொன்னீங்க. நாளைக்கு அந்தப் பொம்பளைங்க அழுதாங்கன்னா அவங்களுக்காகச் சொல்லுவீங்க. உங்களுக்கு எளகின மனசு மேஸ்திரி, அதான் பயமா இருக்கு. போய் நிஜத் தண்ணி கொண்டாங்க."

அன்றைக்கே பஸ் பிடித்து ஆம்பூருக்கு வந்து, ஒரு வாளி இறைத்து, பாட்டிலில் பிடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். பார்வை நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. சொட்டு விட்டார். ஓரத்தில் முத்து கட்டியது. பிறகு மெல்ல, குங்குமம் பட்ட கையை இரண்டாம் தடவை கழுவிய தண்ணீர் மாதிரி, லேசாக நிறம் எழும்பியது. லேப்பம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "குறைஞ்சிருக்கு பாருங்க. போன மாசத்துக்கு இது நல்லாவே குறைஞ்சிருக்கு" என்றார். பிறகு, "திறந்துடாதீங்க" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு ஊருக்கு வந்த அன்றே லைன் பெண்கள் சிலர் வாசலுக்கு வந்தார்கள். "அந்தம்மாவே போய்ட்டாங்க. இனிமே யார் வந்து பார்க்கப் போறாங்க? கோடை வேற வருது. கிணத்தைத் திறந்து வுடுங்க மேஸ்திரி" என்றார்கள். இடுப்பில் குடம். அதில் ஒருத்தி எட்டு மாதம் சுமக்கிறவள், இன்னும் ஆற்றுக்குத்தான் நடக்கிறாள். அவளைப் பார்த்ததும் என் மனசு இளகியது, மறைக்க மாட்டேன். சங்கிலிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

இன்று மாதத்தின் முதல் வாரம். காலையில் அவர்களை எல்லாம் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். பலகையை நகர்த்தி ஒரு வாளி இறைத்து, அவர்கள் கண் எதிரிலேயே கிளாஸில் ஊற்றினேன். அமிலத்தை நான் விட்டேன், மருந்தைக் கன்னியம்மாதான் விட்டாள். அவள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தழும்பு விழுந்த விரல்களுக்கு நடுவே தண்ணீர் மெல்லச் சிவந்தது.

எட்டு மாதக்காரி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள்.

அம்மா, இன்னும் இருக்கு என்றுதான் சொன்னேன். மூடிவிட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாங்க.